ஸ்பார்க்ஸ் குழுவின் ‘கிமோனோ மை ஹவுஸ்’: புதிதாகக் கேட்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இது எந்த ஆல்பம், யாருடையது?

லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைச் சேர்ந்த ரான் மேல், ரஸ்ஸல் மேல் என்ற இரண்டு சகோதரர்களின் இசைக்குழுதான் ஸ்பார்க்ஸ். மூத்தவரான ரான் 1945இலும் இளையவரான ரஸ்ஸல் 1948இலும் பிறந்தவர்கள். பெரும்பாலான பாடல்களை எழுதி மெட்டமைத்துக் கீபோர்டு வாசிப்பவர் ரான், பாடுபவர் ரஸ்ஸல். மற்றக் கலைஞர்கள் காலத்துக்குக் காலம் மாறினார்கள், இந்த இருவர் மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரியாமல் இருக்கிறார்கள். ‘கிமோனோ மை ஹவுஸ்’ அவர்களுடைய மூன்றாவது ஆல்பம். 1974 மே மாதத்தில் ஐலண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் இதை லண்டனிலிருந்து வெளியிட்டது. பத்துப் பாடல்கள், மொத்தம் சுமார் முப்பத்தாறு நிமிட நேரம்.

முதல் ஆல்பத்திலிருந்து தொடங்காமல் மூன்றாவதிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்?

முதல் ஆல்பம் 1971இல் ‘ஹாஃப்நெல்சன்’ என்ற பெயரில் வந்தது. அப்போது குழுவின் பெயரும் அதுவே. அமெரிக்க இசைக்கலைஞர் டாட் ரண்ட்கிரன் அதன் இசைப்பதிவை மேற்பார்வையிட்டார். அடுத்த ஆண்டில் குழுவின் பெயர் ஸ்பார்க்ஸ் என்று மாறியதும் அதே ஆல்பம் புதுப் பெயரில் மறுபடி வெளியானது. அதைத் தொடர்ந்து ‘எ வூஃபர் இன் ட்வீட்டர்ஸ் க்ளோதிங்’ வந்தது. இரண்டும் அறிவுக்கூர்மை மிகுந்தவை. நான் விரும்பிக் கேட்பவை. ஆனால் அவற்றில் ஒரு பாடல் நடந்துகொண்டிருக்கும்போதே வேறு இரண்டு பாடல்களுக்கான யோசனைகள் குறுக்கே வந்து நிற்கும். கேட்பவருக்கு வியப்பு ஏற்படும், ஆனால் எதைப் பற்றிக்கொண்டு உள்ளே போவது என்பது உடனே தெரியாது.

மூன்றாவது ஆல்பத்தில் அந்தக் கோணல் புத்தி கொஞ்சமும் குறையவில்லை. அதைத் தாங்கி நிற்பதற்கு வலுவான ராக் வாசிப்பு கிடைத்துவிட்டது என்பதுதான் மாற்றம். ஒவ்வொரு பாடலுக்கும் தெளிவான பல்லவி இருக்கிறது, அந்தப் பல்லவிக்கு வந்துசேரும் பாதை எவ்வளவு வளைந்து நெளிந்தாலும் வந்துசேர்ந்த இடத்தில் ஐயம் எழுவதில்லை. ஆகவே புதியவருக்கு இதுவே நல்ல வாசல் என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டையும் பிறகு கேட்டால் அவற்றின் அழகு கூடுதலாகப் புலப்படும்.

அமெரிக்கச் சகோதரர்கள் ஏன் லண்டனில் பதிவு செய்தார்கள்?

அவர்கள் இளமையிலிருந்தே பிரிட்டிஷ் இசைக்குழுக்களின் தீவிர ரசிகர்கள். 1972இன் இறுதியில் லண்டனுக்கு வந்து வாசித்தபோது, சொந்த ஊரில் கிடைக்காத கவனம் அங்கே கிடைத்தது. 1973இல் ஐலண்ட் நிறுவனத்தின் ஆதரவோடு சகோதரர்கள் இருவரும் தங்கள் பழைய அமெரிக்கக் குழுவை விட்டுவிட்டு லண்டனுக்கே குடிபெயர்ந்தார்கள். அங்கே புதிய கலைஞர்களைத் தேடிச் சேர்த்தார்கள்: கிட்டாருக்கு ஏட்ரியன் ஃபிஷர், பேஸ் கிட்டாருக்கு மார்ட்டின் கார்டன், டிரம்ஸுக்கு ‘டிங்கி’ டயமண்ட். ஸ்பென்சர் டேவிஸ் குழுவில் முன்பு பேஸ் வாசித்தவரான மஃப் வின்வுட் இசைப்பதிவின் தயாரிப்பைக் கவனித்தார்.

பதிவு நடந்த காலத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1974 ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை பிரிட்டனில் மின்சாரப் பற்றாக்குறையால் தொழிற்கூடங்களும் வணிக நிறுவனங்களும் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. நாடே சோர்ந்திருந்த அந்தக் குளிர்காலத்தில் இத்தனை துள்ளலும் படபடப்பும் கொண்ட ஒரு ஆல்பம் உருவாகியிருக்கிறது.

பாடகரின் குரல் ஏன் இவ்வளவு உச்சத்தில் இருக்கிறது? முதல்முறை கேட்டபோது எரிச்சலாக இருந்தது.

பலருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். அதற்கு ஒரு நேரடியான காரணம் உண்டு. ரான் பாடல்களைக் கீபோர்டில் உட்கார்ந்து எழுதுபவர். தன் விரல்களுக்கு வசதியான சுருதியில் எழுதுவார், பாடுபவரின் குரல் எல்லையைப் பற்றி அந்த நேரத்தில் கவலைப்பட மாட்டார். ஆல்பத்தின் முதல் பாடலான ‘திஸ் டவுன் எய்ன்ட் பிக் இனஃப் ஃபார் போத் ஆஃப் அஸ்’ என்பது ‘ஏ’ ஸ்கேலில் எழுதப்பட்டது, ஆகவே அது ‘ஏ’ ஸ்கேலிலேயே பாடப்பட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சுருதியைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டால் ரஸ்ஸலுக்கு எளிதாக இருந்திருக்கும். இறக்காததால் அவர் கள்ளத்தொண்டைக்குத் தாவ வேண்டியிருந்தது, அந்தத் தாவலே ஸ்பார்க்ஸின் முத்திரை ஆகிவிட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெட்டு மனிதக் குரலுக்காகப் போடப்படாமல் விசைப்பலகையில் ஓடும் விரல்களுக்காகப் போடப்பட்டிருப்பதால், பெரிய பெரிய இடைவெளிகளை ரஸ்ஸல் ஒரே மூச்சில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அவர் ஓரிடத்தில்கூடச் சுருதி விலகுவதில்லை, ஒரு அசையையும் விழுங்குவதுமில்லை. குரலின் வினோதத்தைச் சிறிது நேரம் மறந்துவிட்டு அந்தத் துல்லியத்தை மட்டும் பின்தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். எரிச்சல் போய் மரியாதை வந்துவிடும்.

பாடல் வரிகள் காதில் பிடிபடவே இல்லை. ஆங்கிலம் போதாததுதான் காரணமா?

இல்லை. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இந்த வரிகள் முதல் கேட்பில் பாதிக்குமேல் பிடிபடுவதில்லை. வேகம் அதிகம், சுருதி அதிகம், சொற்களும் அதிகம். நான் பரிந்துரைக்கும் முறை எளியது: முதல் இரண்டு முறை வரிகளைத் தேடாமல் இசையாக மட்டும் கேளுங்கள், மூன்றாம் முறை வரிகளை எதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். வரிகளை முதலில் படித்துவிட்டால் இவை சாமர்த்தியமான நகைச்சுவைத் துணுக்குகளாகத் தோன்றிவிடும். இசையை முதலில் கேட்டவருக்கோ ஒரு மனிதன் ஏதோ பெரிய நெருக்கடியில் இருக்கிறான் என்ற உணர்வு ஏற்கெனவே பதிந்திருக்கும்; அந்த நெருக்கடி எவ்வளவு சின்னது என்பதை வரிகள் பிறகு தெரிவிக்கும். இந்த ஆல்பத்தின் இன்பம் முழுவதும் அந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் இவை நகைச்சுவைப் பாடல்கள்தானே?

சிரிப்பு வருகிறது என்பது உண்மை, ஆனால் நகைச்சுவைப் பாடல் என்ற வகையில் இவற்றை அடக்குவதை நான் ஏற்கவில்லை. நகைச்சுவைப் பாடலில் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே ஒரு கண்சிமிட்டல் இருக்கும். இது வேடிக்கை என்பது இருவருக்கும் தெரியும். ஸ்பார்க்ஸ் பாடல்களில் அந்தக் கண்சிமிட்டல் கிடையாது. பாடலுக்குள் இருக்கும் மனிதனுக்குத் தான் வேடிக்கையான நிலைமையில் இருப்பது தெரியாது. அவனுக்கு அது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. இசையும் அவன் பக்கமே நிற்கிறது, டிரம்ஸும் கிட்டாரும் அவனுடைய பதற்றத்தை முழுமையாக நம்பி வாசிக்கின்றன.

நாம் எல்லோரும் நம்முடைய சின்னத் துயரங்களை உள்ளுக்குள் இந்த அளவில்தான் அனுபவிக்கிறோம். காத்திருந்த ஆள் வராமல் போனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அற்பம்; காத்திருந்தவருக்கோ உலகமே இருண்டுவிடுகிறது. ரான் மேல் இந்த இரண்டு பார்வைகளையும் ஒரே பாடலுக்குள் வைத்து, எதையும் விட்டுக்கொடுக்காமல் எழுதுகிறார். அதனால்தான் இந்தப் பாடல்களில் பரிகாசம் இருந்தாலும் இளக்காரம் இல்லை. இந்த ஆல்பத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும், பிறருக்குச் சொல்வதற்கும் இதுவே முதன்மையான காரணம்.

‘திஸ் டவுன் எய்ன்ட் பிக் இனஃப் ஃபார் போத் ஆஃப் அஸ்’ பாடலில் உண்மையில் என்ன நடக்கிறது?

‘நாம் இருவரும் இருக்க இந்த ஊர் போதாது’ என்ற தலைப்பு பழைய கௌபாய் படங்களில் இரண்டு துப்பாக்கிக்காரர்கள் நேருக்கு நேர் நின்று பேசும் வசனம். பாடலில் இருப்பதோ ஒரு பெண்ணைச் சந்திக்கப்போகும், அல்லது சந்தித்துக்கொண்டிருக்கும், ஒரு ஆணின் நெஞ்சுப் படபடப்பு. மிருகக்காட்சிசாலை, உள்நாட்டு விமானப் பயணம், நாள்தோறும் போகும் உணவகம், குளியல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று சரணத்துக்குச் சரணம் இடம் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் அந்தச் சாதாரண இடத்தில் அவனுடைய இதயத் துடிப்பு ஏறுகிறது, கற்பனையில் காண்டாமிருகங்களும் யானைகளும் போர் விமானங்களும் பாய்ந்து வருகின்றன. உடனே கௌபாய் வசனம் வந்து விழுகிறது. ஊரை விட்டுப் போகப்போவது தானல்ல என்று அவன் வீம்பாக அறிவிக்கிறான்.

இசை இதை எப்படிக் கட்டுகிறது என்று பாருங்கள். தொடக்கத்தில் கீபோர்டின் ஒரு சுழலும் சங்கதி தொலைவிலிருந்து நெருங்கி வருவதுபோல் மெல்ல ஒலி கூடிக்கொண்டே வருகிறது. அதன்மேல் ரஸ்ஸலின் குரல் தொடங்குகிறது, டிரம்ஸ் இன்னும் இல்லை. கேட்பவர் எங்கே தாளம் தட்டுவது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே துப்பாக்கி வெடிக்கும் ஓசை கேட்கிறது, மொத்தக் குழுவும் ஒரே நொடியில் உள்ளே பாய்கிறது. அதற்குப் பிறகு பாடல் நிற்பதே இல்லை. தலைப்பு வரியைத் தவிர வேறு எதையும் பல்லவி என்று சொல்ல முடியாத ஒரு பாடல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. வானொலியில் ஓடிக்கொண்டிருந்த எந்தப் பாடலின் அச்சிலும் இது வார்க்கப்படவில்லை என்பதை எண்ணும்போது அந்த வெற்றி இப்போதும் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

அந்த ஒரு பாடலுக்கு அப்பால் எவற்றைக் கவனித்துக் கேட்க வேண்டும்?

முதலில் ‘ஹியர் இன் ஹெவன்’. ரோமியோ-ஜூலியட் கதையில் இருவரும் சேர்ந்து சாவது என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, ரோமியோ மட்டும் செத்துப்போய், ஜூலியட் மனம் மாறிவிட்டால் என்ன ஆகும்? சொர்க்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் அவன் கீழே பார்த்து அவளிடம் பேசுகிறான். தன்னை முதலில் போகச் சொன்னதன் காரணம் இப்போதுதான் அவனுக்கு விளங்குகிறது. கோபம், ஏக்கம், இன்னும் விடாத காதல் எல்லாம் கலந்த அந்தக் குரலைக் கேட்டால், இது வேடிக்கையான கற்பனை என்பதே மறந்துபோகும். ஆல்பத்தின் மிகச் சிறந்த பாடல் எது என்று கேட்டால் புகழ்பெற்ற முதல் பாடலை விட்டுவிட்டு இதையே சொல்வேன்.

அடுத்து ‘தேங்க் காட் இட்ஸ் நாட் கிறிஸ்துமஸ்’. ஆல்பத்தின் நீளமான பாடல், ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேல். மற்ற நாள்களில் வெளியே சுற்றித் தப்பித்துக்கொள்ளும் ஒரு கணவனுக்கு, கடைகளெல்லாம் மூடி மனைவியோடு வீட்டில் அடைந்திருக்க வேண்டிய பண்டிகை நாள் வந்துவிடக் கூடாதே என்ற அச்சம். கனத்த கிட்டார் வாசிப்போடு மெட்டு விரிந்து எழும்போது அது ஒரு நன்றிப் பிரார்த்தனை போலவே ஒலிக்கிறது. இதைவிடத் தனிமையான திருமண வாழ்க்கையைப் பாப் இசையில் நான் அதிகம் கேட்டதில்லை.

‘ஈக்வேட்டர்’ ஆல்பத்தை முடித்துவைக்கிறது. பூமத்திய ரேகையில் சந்திப்போம் என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள், அவன் குறித்த நாளில் போய்க் காத்திருக்கிறான், அவள் வரவில்லை. அவ்வளவு நீளமான கோட்டில் எந்தப் புள்ளியில் என்று பேசிக்கொள்ளாமலே வந்துவிட்டார்களோ என்ற கேள்வி நமக்கு எழும், அவனுக்கு எழாது. கடைசியில் ரஸ்ஸலின் குரல் அடுக்கடுக்காகத் தன்னையே கூப்பிட்டுப் பதில் சொல்லிக்கொண்டு போகிறது.

இவை தவிர, தன்மேல் தானே காதல் கொண்ட ஒருவனைத் திஸ்ர நடையில் ஆடவைக்கும் ‘ஃபாலிங் இன் லவ் வித் மைசெல்ஃப் அகெய்ன்’, சிறுவன் ஐன்ஸ்டைனை அவனுடைய உறவினர்கள் பொத்திப் பொத்திக் காவல் காக்கும் ‘டேலன்ட் இஸ் ஆன் அசெட்’ ஆகியவையும் உண்டு. பின்னதில் கைதட்டலே தாளத்தின் முதுகெலும்பு. ‘அமெச்சூர் ஹவர்’ இளம்பருவத்தினரின் அனுபவமின்மையைப் பற்றியது. எதிலும் எடுத்த எடுப்பிலேயே வயலின் மேதை யெஹூதி மெனுஹின் ஆகிவிட முடியாது என்று அதில் வயலின் பயிற்சியை உவமை காட்டுகிறார் ரான். அது தனிப் பாடலாக வெளியாகி பிரிட்டனில் ஏழாம் இடம் பிடித்தது.

பலவீனமான பாடல்களே இல்லையா?

உண்டு. ‘கம்ப்ளெய்ன்ட்ஸ்’, ‘இன் மை ஃபேமிலி’ இரண்டும் அடுத்தடுத்து வருவதால் இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தின் நடுப்பகுதி சற்றே தளர்கிறது. வாசிப்பில் குறையில்லை, ஆனால் மற்றப் பாடல்களில் பாத்திரத்தின்மேல் ஏற்படும் பரிவு இவற்றில் எனக்கு ஏற்படவில்லை. ஆல்பத்திலிருந்து நீக்கிவிட வேண்டியவை அல்ல, பத்தில் கடைசி இரண்டு இடங்களுக்கு உரியவை.

சகோதரர்களைத் தவிர மற்றக் கலைஞர்களின் பங்கு என்ன?

பெரும் பங்கு. ரானின் மெட்டுகள் இசை நாடக மேடையின் சாயல் கொண்டவை. மென்மையான கலைஞர்கள் கையில் கிடைத்திருந்தால் அவை அழகுப்பொருளாகவே நின்றிருக்கும். ஏட்ரியன் ஃபிஷர் ப்ளூஸ் வழியில் வந்த கிட்டார்க்காரர். கூரிய, முரட்டுத்தனமான வாசிப்பு அவருடையது. ரஸ்ஸலின் உச்சக் குரலுக்குக் கீழே அந்த முரட்டுத்தனம் இருப்பதால்தான் பாடல்கள் தரையில் காலூன்றி நிற்கின்றன. மார்ட்டின் கார்டனின் பேஸ் வெறுமனே கிட்டாரைப் பின்தொடராமல் தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு முன்னால் வந்து பேசும். ஹெட்ஃபோனில் கேட்கிறவர்கள் ஒருமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்து முழு ஆல்பத்தையும் கேட்க வேண்டும். ஆல்பம் வெளியான பின் வெகுவிரைவிலேயே கார்டன் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அடுத்த ஆல்பமும் சிறப்பானதே, ஆனாலும் அந்தப் பேஸின் இல்லாமை அதில் எனக்குத் தெரிகிறது.

ரான் மேலின் மீசையைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

1974இல் பிபிசியின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் இவர்கள் தோன்றியபோது, சுருட்டை முடியோடு துள்ளிப் பாடிய அழகான இளைஞருக்குப் பக்கத்தில், ஒட்ட வெட்டிய தலைமுடியும் சின்னஞ்சிறு மீசையுமாக ஒருவர் அசையாமல் உட்கார்ந்து கேமராவை முறைத்துக்கொண்டிருந்தார். மினுமினுக்கும் உடைகளும் உற்சாகப் புன்னகைகளும் நிறைந்த காலத்தில் அந்த முறைப்பு பார்த்தவர்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது. மீசை சாப்ளினுடையதா, ஹிட்லருடையதா என்று வீடுகளில் பேச்சு நடந்தது. இருவரும் பல்கலைக்கழகத்தில் திரைப்படத்தோடும் காட்சிக் கலைகளோடும் தொடர்புடைய படிப்புப் படித்தவர்கள். பாட்டு எப்படிப் பார்க்கப்படும் என்பதும் அவர்களுக்குப் பாட்டின் ஒரு பகுதியே. ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்க்காமல் ஆல்பத்தை மட்டும் கேட்டவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை என்பேன்.

அட்டைப்படத்தில் குழுவின் பெயரே இல்லையே?

வேண்டுமென்றே விடப்பட்டது. முன்பக்கத்தில் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. பச்சைப் பின்னணியில் கிமோனோ அணிந்த இரண்டு ஜப்பானியப் பெண்கள் நிற்கிறார்கள்; ஒப்பனை கலைந்திருக்கிறது, ஒருவர் கண்ணடிக்கிறார். படம் எடுத்தவர் கார்ல் ஸ்டோக்கர். இருவரும் அப்போது பிரிட்டனில் நிகழ்ச்சிகள் நடத்திய ஒரு ஜப்பானிய நாடகக் குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான மிச்சி ஹிரோட்டாவின் குரல் 1980இல் ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியின் ‘ஸ்கேரி மான்ஸ்டர்ஸ்’ ஆல்பத்தின் முதல் பாடலில் ஜப்பானிய மொழியில் ஒலித்தது. கண்ணியமான மரபு உடையும் அதற்குப் பொருந்தாத குறும்பும் ஒரே படத்தில் சேர்ந்திருப்பதால், உள்ளே இருக்கும் இசைக்கு இது மிகப் பொருத்தமான அட்டை.

அக்காலத்தில் இது எப்படி வரவேற்கப்பட்டது?

பிரிட்டனில் ஆல்பம் நான்காம் இடத்தை எட்டியது. அமெரிக்காவிலோ பில்போர்டு பட்டியலின் முதல் நூறுக்குள்கூட அது வரவில்லை, 101ஆம் இடத்தில் நின்றது. மான்செஸ்டரில் பதின்வயதுச் சிறுவனாக இருந்த, பின்னாளில் ‘த ஸ்மித்ஸ்’ குழுவின் பாடகரான மோரிசி ஓர் இசை வார இதழுக்கு இந்த ஆல்பத்தைப் புகழ்ந்து கடிதம் எழுதினார். 2004இல் லண்டனின் மெல்ட்டவுன் இசை விழாவைத் தொகுக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தபோது, ஸ்பார்க்ஸை அழைத்து இந்த ஆல்பத்தை முழுமையாக மேடையில் இசைக்கச் செய்தார். 1987இல் சூக்ஸி அண்ட் த பான்ஷீஸ் குழு முதல் பாடலைத் தன் பாணியில் பதிவு செய்தது. 2014இல், நாற்பது ஆண்டு நிறைவுக்கு, லண்டன் பார்பிக்கன் அரங்கில் ஹெரிட்டேஜ் ஆர்க்கெஸ்ட்ரா முழு ஆல்பத்துக்கும் துணை வாசித்தது. அந்த மெட்டுகளின் பின்னலைப் பார்த்தால், ஆர்க்கெஸ்ட்ராவுக்காகவே எழுதியவைபோல் பொருந்தியதில் வியப்பில்லை.

எந்தப் பதிப்பை வாங்கலாம் அல்லது கேட்கலாம்?

எதுவானாலும் சரி. சில மறுபதிப்புகளில் ‘பார்பிகியூட்டி’, ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்ற இரண்டு பாடல்கள் கூடுதலாக இருக்கும். அவை அப்போது வெளியான தனி இசைத்தட்டுகளின் பின்பக்கப் பாடல்கள். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் முதல்முறை கேட்கும்போது ‘ஈக்வேட்டர்’ முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆல்பம் அங்கே முடிவதற்காகக் கட்டப்பட்டது. பாடல் வரிசையைக் கலைத்துப்போட்டும் கேட்க வேண்டாம்.

இது பிடித்துவிட்டால் அடுத்து எங்கே போவது?

நேராக ‘ப்ரொப்பகாண்டா’. 1974 நவம்பரில், அதாவது அதே ஆண்டிலேயே, வெளியானது. இதன் இரட்டைப் பிறவி என்றே சொல்லலாம், வேகம் இன்னும் கூடுதல். பிறகு டோனி விஸ்கான்டியின் தயாரிப்பில் 1975இல் வந்த ‘இன்டிஸ்க்ரீட்’. அதன்பின் ஒரு பெரிய தாவலுக்குத் தயாராக வேண்டும்: 1979இல் இத்தாலிய இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜோ மொரோடரோடு சேர்ந்து கிட்டாரையே விட்டுவிட்டு மின்னணு நடன இசையாக அவர்கள் செய்த ‘நம்பர் ஒன் இன் ஹெவன்’. இந்த மூன்றையும் கேட்ட பிறகு முதல் இரண்டு ஆல்பங்களுக்குத் திரும்பி வாருங்கள்; முன்பு முரணாகத் தெரிந்த இடங்கள் அப்போது பழகிய இடங்களாகத் தெரியும். படம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எட்கர் ரைட் 2021இல் எடுத்த ‘த ஸ்பார்க்ஸ் பிரதர்ஸ்’ ஆவணப்படம் இருக்கிறது. ஆனால் அது எல்லா ஆல்பங்களையும் வரிசையாகத் தொட்டுச் செல்வதால், இந்த ஒன்றை நன்றாகக் கேட்டு முடித்த பிறகு பார்ப்பதே நல்லது. 2023இல் அவர்கள் மறுபடி ஐலண்ட் நிறுவனத்துக்கே வந்து ‘த கேர்ள் இஸ் க்ரையிங் இன் ஹெர் லாட்டே’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். எழுபது வயதைக் கடந்த பிறகும் ரஸ்ஸல் உச்சக் குரலில் பாடுகிறார், ரான் இன்னும் சின்னத் துயரங்களுக்குப் பெரிய மெட்டுகள் போடுகிறார்.